சிங்காரவேலுவின் பகல் வைத்தியம்

வைத்தியம் என்றால் ஆளைப் படுக்கப் போடுவார்கள், ஊசி குத்துவார்கள் என்றுதான் எங்கள் பாகூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சிங்காரவேலு மட்டும் குமாஸ்தா மாதிரி தலை வாரி, தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு காலையில் பாண்டி பஸ் ஏறுவான். சாயங்காலம் வீடு திரும்பிவிடுவான். கரும்பு வண்டி ஓட்டுகிறவன். பாதி நாள் சாராயக்கடை வாசலில்தான் கிடந்தான். "இந்தத் தடவ விடலன்னா புள்ளைங்களோட எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்று அவன் பெண்சாதி காசம்மாள் கறாராகச் சொன்ன பிறகுதான், குடியை விடவைக்கும் ஆஸ்பத்திரிக்கு இந்த பஸ் பிரயாணம். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் வழிமறித்துக் கேட்டேவிட்டேன்.

"பகலெல்லாம் அங்க இன்னாதான்டா பண்றாங்க?"

"மாத்திர குடுத்து, முழுங்குற வரைக்கும் எதிர்லயே நிப்பாங்கக்கா. அதுமேல சாராயம் ஊத்துனா நெஞ்சு அடிச்சிக்கினு ஆளு சாஞ்சிடும். அப்பால வட்டமா உக்காந்து பேசுவோம். கேரம்போர்டு ஆடுவோம்."

"கேரம்போர்டு ஆடுனா குடி வுட்டுடுமா?"

"தெரியலக்கா. ஆடும்போது குடிக்கல."

அந்த மாசமே அவன் அப்பா பக்கிரியின் வருஷப் படையல் வந்தது. செத்தவருக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிடுவது வழக்கம். பக்கிரிக்குக் கருவாட்டுக் குழம்பும் சாராயமும். கற்பூரம் காட்டியதும் மூத்த மகனான சிங்காரவேலு அந்தச் சாராயத்தில் ஒரு மடக்கு குடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். பாட்டிலோடு வந்தவர் சித்தப்பா தணிகைவேல். அன்றைக்கும் சிங்காரவேலு பாண்டிக்குப் போய் மாத்திரை முழுங்கிவிட்டுத்தான் வந்திருந்தான். காசம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ பாழாய்ப்போன ஆவல். இவன் என்ன செய்யப் போகிறான் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"குடிடா. உங்கப்பன் வந்து காத்துக்கினு கீறான்" என்று சித்தப்பா டம்ளரை நீட்டினார்.

வாங்கினான்.

"எங்கப்பன் உசுரோட இருந்தப்ப யாருக்குனா ஒரு மடக்கு குடுத்திருப்பாரா சித்தப்பா? முழுசும் அவருக்கே."

டம்ளரையும் பாட்டிலையும் இலைக்கு முன்னால் மண் தரையில் கவிழ்த்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கிரி அப்படிப்பட்ட ஆள்தான். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

அப்பாடா, ஜெயித்துவிட்டான் என்று நினைத்தேன். ஆனால் ஈரத் தரையிலிருந்து சாராய வாடை கும்மென்று கிளம்பியது. சிங்காரவேலு அங்கேயே குந்திவிட்டான். தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மணக்குது காசா" என்று அழுதான்.

காசம்மாள் சாணித்தண்ணீர் வாளியோடு வந்தாள். எனக்குப் பகீரென்றது.

"படையல் வெளக்கு எரியும்போது தரைய மெழுவுறியேடி, செத்தவரு கோச்சிக்க மாட்டாரா?"

"கோச்சிக்கட்டும்க்கா. உசுரோட இருக்குறவரு சாப்புடணும்" என்று சொல்லி, அழுத்தி அழுத்தி மெழுகினாள்.