இரண்டாவது ராடும் மூன்றாவது மூடியும்

பட்டறைத் தெருவில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். கணவனின் தம்பி அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, டிங்கருக்கும் டயர்க் கடைக்காரருக்கும் அது தொற்றிக்கொண்டது. அந்தத் தம்பி இப்போது பேருந்து டெப்போவில் வேலைக்குப் போய்விட்டான். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கணவனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வாய் குழறி, ஒரு சொல்லை வெளியே கொண்டுவருவதற்குள் வியர்த்துவிடுவார். இத்தனை வருஷம் அவருடைய மெக்கானிக் பட்டறையில் பக்கத்தில் நின்று எஞ்சின் கழுவி, கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்து அவளுக்கும் வேலை கை வந்திருந்தது. வேறு வழியும் இல்லை, பட்டறையை அவளே எடுத்து நடத்தினாள். காலையில் அவரை எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டி, பட்டறைக்குக் கூட்டிவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பதற்குள்ளேயே அவளுக்கு ஒரு நாள் வேலை முடிந்ததுபோல் இருக்கும். அதற்கப்புறம்தான் வேலையே தொடங்கும்.

அன்று ஸ்டாண்டில் கவிழ்ந்து கிடந்தது ஒரு டாக்ஸியின் எஞ்சின். ஆயில் இல்லாமல் ஓட்டி, உள்ளே டக்டக்கென்று அடிக்க ஆரம்பித்த வண்டி. பழைய பேரிங்குகள் செம்பு தெரியத் தேய்ந்திருந்தன. எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து, அதற்கேற்ற புதுப் பேரிங்குகள் வாங்கி வைத்திருந்தாள்.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஒவ்வொன்றுக்கும் அடியில் அதற்கென்றே ஒரு மூடி உண்டு. ராடில் பேரிங்கின் ஒரு பாதி, மூடியில் மறு பாதி. இரண்டும் சேர்ந்து கிராங்கைக் கட்டிப் பிடிக்கும். ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. அதனால்தான் கழற்றும்போதே முதலாவதற்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு என்று குத்தி வைப்பார்கள். அவளும் குத்தித்தான் வைத்திருந்தாள்.

முதல் ராடு ஒழுங்காக உட்கார்ந்தது. பேரிங்கின் முதுகைத் துடைத்து, அதன் நாக்கைப் பள்ளத்தில் பொருத்தி, உள்பக்கம் ஆயில் தடவி, மூடியைப் போட்டு முறுக்கினாள். கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தாள். வெண்ணெயாகச் சுற்றியது.

அடுத்த மூடியைத் தட்டிலிருந்து எடுத்தபோது போன் அடித்தது. டாக்ஸிக்காரர்.

“அக்கா, நாளைக்கு வண்டி கிடைக்குமில்ல? சும்மா உக்காந்து உக்காந்து பைத்தியம் பிடிக்குது.”

“பாத்துட்டுதான்பா இருக்கேன். வச்சிடு.”

போனை வைத்துவிட்டு, கையிலிருந்த மூடியைப் போட்டாள். நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“மா... மாத்தி... மாத்தி...”

“மாத்திரையா? காலையிலேயே குடுத்துட்டேனே!”

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். இடது கையால் நாற்காலியைத் தட்டினார். “மாத்தி!”

“ஒரு தடவ சொன்னா புரியாதா? போட்டாச்சு. எத்தன தடவதான் போடுறது? என்னையும் கொஞ்சம் வேலை பாக்க விடேன்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் நீர் கோத்திருந்தது. அவள் பார்த்தாள், பார்க்காததுபோல் இருந்துவிட்டாள். சமாதானம் சொல்லக்கூட அவளிடம் தெம்பில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே மூச்சில் முறுக்கி முடித்தாள். நடுவில் சுற்றிப் பார்க்கவில்லை.

பிறகு சுற்றினாள். கிராங்க் அசையவில்லை. நீளக் கம்பியை மாட்டி அழுத்தினாள். கரகரவென்று கொஞ்சம் நகர்ந்து நின்றது. அவர் அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டார். அவள் கம்பியை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். இரண்டு புள்ளி ராடில் மூன்று புள்ளி மூடி.

“ஐயோ,” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “மாத்திப் போட்டுட்டேன்னு சொன்னியா?”

அவர் ஆமென்று தலையசைத்தார். கோபம் போகவில்லை. ஆனால் வாயின் ஒரு பக்கம் மட்டும் மெல்ல மேலே ஏறியது.

“சிரிக்காத. எரிச்சலா வருது.” அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆயில் கறை கன்னத்தில் அப்பிக்கொண்டது.

எல்லாவற்றையும் கழற்றினாள். ஒரு பேரிங்கில் நகம் தடுக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. அதைத் திரும்பப் போட முடியாது. கடைக்குச் சொல்லிவிட்டு, டாக்ஸிக்காரருக்குப் போன் செய்தாள்.

“நாளைக்கு இல்ல, நாளன்னிக்கு. தப்பு என்னோடதுதான். திட்டணும்னா இப்பவே திட்டிடு, நேர்ல வந்து திட்டாத.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. “திட்டி என்னக்கா பண்றது. பத்திரமா பண்ணுங்க.”

மதியம் புதுப் பேரிங் வந்தது. இந்த முறை ஒவ்வொரு மூடியையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் புள்ளியைப் பார்த்துத் தலையசைத்த பிறகே போட்டாள். ஒவ்வொன்றுக்கும் சுற்றிப் பார்த்தாள். கடைசி மூடியும் முறுக்கியானபின் கிராங்க் ஒரு கைக்கு அடங்கிச் சுற்றியது.

ஆயில் நிற்கும் கீழ்த் தொட்டியை மாட்ட வேண்டும், ஹெட்டை ஏற்ற வேண்டும். அவள் ஸ்பானரைத் தேடினாள்.

“தூ...” என்றார் அவர்.

துணியா, தூசியா என்று கேட்க வந்தவள் வாயை மூடிக்கொண்டாள். காத்திருந்தாள். அவருடைய உதடு கோணியது, நெற்றி நரம்பு புடைத்தது. தெருவில் ஒரு லாரி போய் முடிந்தது.

“தூங்கு,” என்றார்.

“நான் தூங்குனா இத யாரு முடிப்பா? நீயா?”

அவர் இடது கையால் தரையைக் காட்டினார். அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து அவர் காலடியில் விரித்து, கை கழுவாமலே படுத்தாள்.