பவுனம்மாளின் குதிகால்

பவுனம்மாள் ஏரிக்குள் இறங்கினால் முதலில் வலது குதிகாலைத்தான் சேற்றில் அழுத்துவாள். முழங்கால் ஆழத்தில், இடுப்புக் குடத்தை மறந்து, கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டே நான் பார்த்தது இது. கோடையில் மேல்தண்ணீர் சுட்டாலும் அடியில் குளிர்ச்சி இருக்கும். மீன் அங்கே போய் ஒதுங்கும். அந்தக் குளிர்ச்சி எந்தப் பக்கம், எவ்வளவு மிச்சம் என்று அவள் குதிகாலுக்குத் தெரியும். மருங்காபுரிப் பக்கத்து எங்கள் ஊரில் அவளைக் கேட்டுத்தான் பெண்கள் ஊத்தாக் கூடையைக் கவிழ்த்து மீன் பிடிப்பார்கள்.

1958 ஆனி மாதம் ஏரி பாதிக்கு மேல் வற்றிவிட்டது. ஒரு புதன்கிழமை விடிகாலையில் சேற்றிலிருந்து குதிகாலை எடுத்தவள், "அடியிலயும் சுடுதுடி," என்றாள்.

மீன் குத்தகை வையம்பட்டி நல்லுசாமியிடம் இருந்தது. அவர் வலை போட்டு முடித்த மறுநாள் ஊரார் இறங்கலாம். அந்த ஒரு நாள் மீன்தான் கருவாடாகி, மழை வரும்வரை எங்கள் கூழுக்குத் துணை. பவுனம்மாள் நேரே அவரிடம் போனாள்.

"இன்னைக்கே வலையப் போட்டுருங்க. காத்தில்லாம ஒரு மோடம் போட்டுச்சுன்னா கெண்டை அம்புட்டும் செத்துரும்."

"மீனுக்குக் காய்ச்சலா ஆத்தா? நாடி புடிச்சுப் பாத்தியா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஐஸ் லாரி ஞாயித்துக்கிழமதான் திருச்சியிலேருந்து வருது. அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு ஒம் மீன."

வியாழக்கிழமை மேகம் மூடி மோடம் போட்டது. இலை அசையவில்லை. வெயில் தணிந்தது என்று ஊரே சந்தோஷப்பட்டது. வெள்ளி விடியும்போது கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. "எம்புட்டு மீனு பாரு!" என்று நல்லுசாமியின் ஆட்கள் கைதட்டினார்கள். வெயில் ஏறுவதற்குள் ஏரி வெள்ளையாகிவிட்டது. எல்லாம் மீன் வயிறு.

"எவளோ மருந்தக் கலக்கிட்டா," என்றார் நல்லுசாமி, பவுனம்மாளைப் பார்த்து.

அவள் சேற்றில் இறங்கி ஊத்தாவைக் கவிழ்த்து, ஒரு விராலைப் பிடித்து அவர் காலடியில் போட்டாள். அது துள்ளியது.

"மருந்துன்னா இது எப்படிங்க உசுரோட இருக்கு? விராலு மேல வந்து காத்துக் குடிக்கும். கெண்டைக்கு அது ஆகாது. தண்ணியில மூச்சில்லாமத்தான் செத்துச்சு."

ஊர்ப் பெரியவர் அழகிரி சொன்னார்: "மருந்தில்லன்னா ஒன் நாக்குதான். செத்துரும்னு நீதானே சொன்ன? கருநாக்கு!"

லாரிக்காகக் காத்தவர்மேல் குற்றமில்லையாம். காலில் பட்டதைச் சொன்னவளின் நாக்கில் குற்றமாம். அவளிடம் இடம் கேட்டு மீன் பிடித்துத் தின்ற பெண்களே, அவள் பார்வை படாமல் பிள்ளைகளின் முகத்தை முந்தானையால் மூடினார்கள். அத்தனையும் தெரிந்த நானும் கரையில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவர்கள்மேல் எனக்கிருக்கும் ஆத்திரத்தில் பாதி என்மேலேயேதான்.

இது 1966. குத்தகை இன்னும் நல்லுசாமியிடம்தான். கோடையில் பவுனம்மாள் ஏரிக்கரைக்கு வரக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. இடையில் இரண்டு கோடைகளில் ஏரி மறுபடி வெள்ளையானது. அந்த இரண்டு முறையும் அவள் வீட்டுக்குள்தான் இருந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பெயர் இப்போதும் கருநாக்குதான்.