மேட்டுக்கு ஓடப் பழகியது

எடின்பரோவில் 'மேலே' என்றால் உண்மையாகவே மேலேதான் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரரிடம் தபால் நிலையம் எங்கே என்று கேட்டேன். "ஜஸ்ட் அப் த ரோட்" என்றார். எங்கள் ஊரில் மேலத்தெரு மேற்கே இருக்கும், கீழத்தெரு கிழக்கே இருக்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் கிடக்கும். அந்த நினைப்பில் மேற்கு எது என்று பார்க்கச் சூரியனைத் தேடினேன். சூரியன் அன்று வரவில்லை. குத்துமதிப்பாக ஒரு பக்கம் நடந்து, வழி தெரியாமல் திரும்பி வந்தபோதுதான் கவனித்தேன், அவர் சொன்ன சாலை என் வாசலிலிருந்தே மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கையில் பார்சலோடு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கித்தான் அந்தத் தபால் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

காவிரிப் பக்கத்தில் பிறந்த கால்களுக்கு மேடு பழக்கமில்லை. மயிலாடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கிராமம். அங்கிருந்து தரை கடல் வரைக்கும் சரிந்துதான் போகிறது, ஆனால் அந்தச் சரிவு தண்ணீருக்கு மட்டும்தான் தெரியும். சைக்கிளில் போகிறவர்கள் எழுந்து நின்று மிதிப்பது ஆற்றுப் பாலத்தில் மட்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவள், கடைக்குப் போவதும் வேலைக்குப் போவதும் மலையேற்றமாக இருக்கிற ஊரில் பதினோரு வருடங்களாக இருக்கிறேன். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை.

ஓட ஆரம்பித்தது நாற்பத்திரண்டாவது வயதில். எங்கள் தெருக்கோடியில் மோய்ரா என்று ஒரு அம்மாள் இருக்கிறார், எழுபது வயதிருக்கும். ஒருநாள் பேருந்தைப் பிடிக்க மேட்டில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தேன். அரைக்கால் சட்டையோடு ஓடிவந்த மோய்ரா என்னைக் கடக்கும்போது "யூ ஆல்ரைட்?" என்றார். அக்கறையாகக் கேட்கிறாரே என்று நான் நின்று, முழங்கால் வலியைப் பற்றியும் டாக்டர் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று சொன்னதைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். பாவம், அவரும் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். அது வெறும் வணக்கம் மாதிரி ஒரு சொல், பதில் தேவையில்லை என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கடைசியில் அவர், "நாளைக்கு என்னோடு வாயேன்" என்றார். தட்ட முடியாமல் போனேன்.

முதல் நாள் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஓடினேன். அவ்வளவுதான் முடிந்தது. அடுத்த வாரம் இரண்டு கம்பம். மூன்றாவது வாரம் ஐந்து கம்பம் ஓடியதை நம்ப முடியாமல், திரும்பி நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து சமைக்கும்போது சிரித்துக்கொண்டே இருந்தேனாம், மகள் சொன்னாள். யாராவது எதற்காக ஓடுகிறாய் என்று கேட்டால் சர்க்கரைக்காக என்று சொல்வேன். அது பாதிப் பொய். இந்த நாட்டுக்கு வந்தபோது என்ன வேலையோ அதே வேலை, என்ன உச்சரிப்போ அதே உச்சரிப்பு, தொலைபேசியில் பெயரை மூன்று முறை எழுத்துக்கூட்டிச் சொல்கிற அதே நான். எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும்போது, ஒன்றில் மட்டும் வாராவாரம் தேறிக்கொண்டிருந்தேன். பரீட்சையில் தேறிய நாளுக்குப் பிறகு அப்படியொரு சந்தோஷம் எனக்கு வாய்த்ததில்லை.

ஒரு வருடத்தில் சமதரையில் ஐந்து கிலோமீட்டர் வந்துவிட்டது. மேடுதான் வரவில்லை. பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று வசந்த காலத்தில் நடக்கும், ஆறாவது கிலோமீட்டரில் ஒரு நீண்ட ஏற்றம். போன வருடம் அதில் பாதி தூரம் ஏறி, நடந்து, பிறகு நடக்கவும் முடியாமல் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் போர்வை போர்த்தி வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து விட்டார். எல்லோரும் அன்பாக இருந்தார்கள். அந்த அன்புதான் தாங்க முடியவில்லை. மறுநாளே அடுத்த வருடத்துக்குப் பெயர் கொடுத்தேன். மோய்ரா இருபது வாரத்துக்குப் பயிற்சி அட்டவணை எழுதிக் கொடுத்தார். வாரம் இரண்டு நாள் 'ஹில்' என்று அதில் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.

அட்டவணையின் நடுவில் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை வந்தது. ஜனவரியில் நான்கு வாரம் ஊரில் இருக்க வேண்டும். மேட்டுக்கு எங்கே போவது? வந்த அன்றே தம்பியிடம் கேட்டேன். அவன் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறான், காலை ரயிலுக்குப் போனால் இருட்டித்தான் வருவான். நிலத்தைப் பார்த்துக்கொள்வதெல்லாம் அவன் மனைவி வசந்தி.

"மேடா? நம்ம ஊர்லயா?" என்று யோசித்தான். "ரயில் லைனுக்கு மேல ஒரு மேம்பாலம் கட்டியிருக்காங்க. அதுதான் அக்கா இங்க இமயமலை. ஆனா தனியால்லாம் போக வேண்டாம். வசந்தி, நீ வண்டியில கூடப் போ."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மேம்பாலத்தில் நான் ஓட, வசந்தி ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள். ஏறி இறங்கினால் ஒன்று. அப்படி எட்டு முறை. மூன்றாவது முறை ஏறும்போது பால்கேன் மாட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார்.

"என்னம்மா, அங்கயும் இங்கயும் அலையுறீங்க? எதைத் தொலைச்சீங்க?"

"ஒண்ணுமில்லைங்க. ஓடு... றேன்" என்றேன் மூச்சுக்கு நடுவில்.

"தோடா? அடடா" என்று சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பித்தார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் என்ன ஏது என்று கேட்டு, செல்போன் விளக்கைப் போட்டுக் கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தேடினார்கள். நான் இரண்டு காதையும் தொட்டுக் காட்டினேன். "அப்ப மூக்குத்தியா?" என்றார் பெரியவர். வசந்தி ஸ்கூட்டியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எடின்பரோவில் நலமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போகிறார்கள். இங்கே பதில் திருப்தியாகும்வரை யாரும் நகர்வதில்லை. சர்க்கரை என்று சொன்ன பிறகுதான் அவர்கள் சமாதானமாகிக் கிளம்பினார்கள்.

அவர்கள் போன பிறகு வசந்தி கேட்டாள். "அண்ணி, நெசமாவே சர்க்கரைக்கா? அதுக்கு நடந்தாப் போதுமே. எங்க சித்தப்பா நடந்துதான் கொறைச்சாரு."

நான் விளக்குக் கம்பங்களைப் பற்றிச் சொன்னேன். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்ததையும் சொன்னேன். அதை அதுவரை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.  அடுத்த நாளிலிருந்து அவள் போக்கே மாறிவிட்டது. செல்போனில் நேரம் பார்ப்பாள். "நேத்து இதவிட சீக்கிரம் ஏறினீங்க. கைய ஏன் தொங்கப் போடுறீங்க?" என்பாள். நான்கு நாள் கழித்து, ஸ்கூட்டியை அடிவாரத்தில் நிறுத்தி, செருப்பைக் கழற்றி அதன்மேல் வைத்து, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னோடு ஓடினாள். பாலத்தின் உச்சிக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். ஆனால் இரண்டாவது முறை பாதியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஆரம்பத்திலேயே முழு வேகத்தையும் கொட்டிவிடுகிறவள் அவள். "பேசிக்கிட்டே ஓட முடியணும் வசந்தி. அதுதான் கணக்கு" என்று மோய்ரா எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன். இரண்டு வாரத்தில் நான் எட்டு முறை நிற்காமல் ஏறினேன், அவள் ஐந்து. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சம்பா கதிர் பழுத்துக் கிடக்கும். எங்கள் ஆறு மா நிலமும், கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர், அறுப்புக்குத் தயாராகத்தான் இருந்தது. மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது, இரண்டு நாளில் வரும் என்றார்கள்.

மெஷின் வருவதற்குள் மழை வந்தது. விடியற்காலை பிடித்த மழை, எட்டு மணிக்கு இன்னும் கனத்தது. முற்றிய கதிர் தண்ணீரில் நின்றால் சாயும். சாய்ந்தால் இரண்டு மூன்று நாளில் வயலிலேயே முளை கட்டிவிடும். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கிடப்பதை முந்தின நாள்தான் பார்த்ததாக வசந்தி சொன்னாள். ஆள் வைத்து எடுக்கலாம் என்று விட்டுவிட்டிருக்கிறாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனவள் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"தரைப்பாலத்துல தண்ணி போவுது அண்ணி. வண்டி போவாது. வாய்க்கால் கரையில நடந்துதான் போவணும், மூணு கிலோமீட்டர். போறதுக்குள்ள..." என்று நிறுத்தினாள். அவள் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததில்லை.

"எதுக்கு நடக்கணும்?" என்றேன்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போய் மண்வெட்டியையும் அரிவாளையும் எடுத்து வந்தாள்.

கரையில் சேறு. நான் பந்தயத்துக்காக வாங்கிய ஷூவை மனமில்லாமல் பார்த்துவிட்டுக் கழற்றிப் போட்டேன். வசந்தி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்ட வேகத்தில் முதல் அரை கிலோமீட்டருக்குள் விழுந்துவிடுவாள் போலிருந்தது. "மெதுவா. எங்கிட்டப் பேசிக்கிட்டே வா" என்று கத்தினேன். "என்ன பேச?" என்றாள். "எந்த மூலை தாழ்வு, மடை எங்க இருக்கு, எல்லாம் சொல்லு." அவள் சொல்லிக்கொண்டே ஓடினாள். வடகிழக்கு மூலைதான் பள்ளம், வடிகால் அங்கேதான் சேருகிறது, பனைமரத்துக்கு இந்தப் பக்கம் இறங்கணும். மழை முகத்தில் அறைந்தது. மண்வெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி எடுத்துப் போனோம். இரண்டு இடத்தில் வழுக்கினேன், ஒரு இடத்தில் விழுந்தேன். மூன்று கிலோமீட்டரும் நாங்கள் நிற்கவில்லை. பயத்தின் நடுவிலும் ஒன்று எனக்குத் தெரிந்தது: என் உடம்பு இதற்குத் தயாராக இருக்கிறது, கேட்டதைக் கொடுக்கிறது. அந்த மழையில், அந்தச் சேற்றில், எனக்குக் கூவ வேண்டும்போல் இருந்தது.

வயலில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். கதிர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. வடிகாலில் இடுப்பளவு இறங்கி, வசந்தி அரிவாளால் அறுக்க அறுக்க நான் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் எறிந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். சட்டென்று அடைப்பு விட்டுக்கொண்டு தண்ணீர் இரைச்சலோடு ஓடியது. பக்கத்து வயல்காரர் ராமலிங்கம் குடையோடு வந்தார்.

"என்னம்மா வசந்தி, ரெண்டு பேரும் கரையில ஓடி வந்ததைப் பாத்தேன். யாருக்கு என்ன? வீட்டுல எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க மாமா. வடிகால் எடுக்க வந்தோம்."

"அதுக்கா இப்படி ஓடினீங்க?" என்றவர், எங்கள் வயலைப் பார்த்தார், தண்ணீர் போகிற வேகத்தைப் பார்த்தார். பிறகு குடையை மடக்கி வரப்பில் குத்திவிட்டுத் தன் பக்கத்து அடைப்பை எடுக்க இறங்கினார். அவருக்கும் நாங்கள் கை கொடுத்தோம்.

பள்ளத்து மூலையில் ஒரு மா சாய்ந்துவிட்டது. மற்ற ஐந்தும் நின்றன. மழை விட்டு நான்காம் நாள் சேற்றிலும் ஓடுகிற செயின் போட்ட அறுப்பு வண்டி இறங்கி அறுத்துக் கொடுத்தது. நான் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை மேம்பாலத்தின் உச்சியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம்.

"நீங்க போனப்புறமும் நான் வருவேன் அண்ணி" என்றாள் வசந்தி. "வீட்ட விட்டுக் கெளம்பினா எதுக்காவதுதான் கெளம்புவேன். வயலுக்கு, கடைக்கு, பள்ளிக்கூடத்துக்கு. இதுக்கு மட்டும்தான் ஒண்ணுத்துக்கும் இல்லாம கெளம்புறேன். நல்லா இருக்கு."

ஏப்ரலில் அந்த ஏற்றத்தை ஓடினேன். பாதியில் கால்கள் கெஞ்சின. கையைத் தொங்கப் போடாதே என்று சொல்லிக்கொண்டேன், வசந்தியின் குரலில். நடக்கவில்லை, நிற்கவில்லை. உச்சியில் மோய்ரா எனக்காகக் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு இந்த முறை அவர் "யூ ஆல்ரைட்?" என்று உண்மையாகவே கேட்டார். அழுகிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் இணையத்தில் முடிவுகள் வந்தன. பெயர், நேரம், பக்கத்தில் எந்த ஓட்டச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்ற கட்டம். என் கட்டத்தில் 'அன்அட்டாச்ட்' என்றிருந்தது. படம் பிடித்து வசந்திக்கு அனுப்பினேன். என்ன அர்த்தம் என்று கேட்டாள். எதிலும் சேராதவர் என்று அர்த்தம் என்றேன். "அது எப்படி? நாமதான் ரெண்டு பேரு இருக்கோமே" என்றாள்.

செப்டம்பர் கடைசியில் அடுத்த ஓட்டம். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் 'மயிலாடுதுறை' என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். சட்டையில் குத்திக்கொள்ளும் எண் வில்லை வாங்கப் போனபோது மேசையில் இருந்தவர் அந்தப் பெயரை நான்கு துண்டாக உடைத்து வாசித்தார். புதுச் சங்கமா, எத்தனை பேர் என்றார். இரண்டு பேர் என்றேன். மற்றவர் வரவில்லையா என்று கேட்டார். நடவு நடக்கிறது, வர முடியவில்லை என்றேன். "ஆ, தோட்டமா? என் மனைவியும் அப்படித்தான், விடவே மாட்டாள்" என்று சிரித்தபடி வில்லையைக் கொடுத்தார். நான் திருத்தவில்லை.

பத்து மணிக்குத் தொடக்கக் கோட்டில் நின்றோம். ஊரில் அப்போது மதியம் இரண்டரை. நடவுப் பெண்கள் கரையேறிக் கை கால் கழுவுகிற நேரம், வசந்தி வரப்பில் நின்று நாற்றுக்கட்டு எண்ணிக்கொண்டிருப்பாள். ஊதல் ஊதினார்கள். எங்கள் சங்கத்தில் பாதி ஓடத் தொடங்கியது.