மேதையின் படிக்கட்டும் வெல்டரின் கைப்பிடியும்

அந்தக் குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீடுகள். எல்லாவற்றையும் வரைந்தவர் ஒரே கட்டடக் கலைஞர். அவரைப் பற்றிக் கனமான புத்தகங்கள் வந்திருக்கின்றன, வழவழப்பான தாளில், மனித வாடையே இல்லாத அறைகளின் படங்களோடு. அங்கே குடியிருந்தவர்களுக்கும் அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அதை அச்சில் ஏற்ற முடியாது.

மழை பெய்தால் தட்டைக் கூரை ஒழுகும். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, பிற்பகலில் உட்கார்ந்தால் ஆள் வெந்துபோவார். இதையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டார்கள். படிக்கட்டைத்தான் சகிக்க முடியவில்லை. சுவரிலிருந்து பதினான்கு கான்கிரீட் பலகைகள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. கைப்பிடி வைப்பது மனித உடலையே அவமதிப்பது என்று மேதை எழுதிவைத்திருந்தார். வீட்டின் ஒரே கழிப்பறையை மாடியில் கொண்டுபோய் வைத்ததற்கு என்ன தத்துவம் என்று மட்டும் அவர் எங்கேயும் எழுதவில்லை.

இந்த மேதாவித்தனத்துக்கு ஒட்டுப்போட்டே காலம் தள்ளியவர்தான் வெல்டர். குடியிருப்பின் முனையில் அவருடைய பட்டறை. முதல் கைப்பிடியை வைத்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயது. கை முறிந்த ஒரு பள்ளி ஆசிரியைக்காக வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் விழுவார், மாவுக்கட்டுப் போடுவார்கள், வெல்டருக்கு ஆள் அனுப்புவார்கள். விழுவதற்கு முன்னால் கூப்பிட்ட புத்திசாலி ஒருவர்கூடக் கிடையாது என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார். ஒன்றரை அங்குல இரும்புக் குழாய், படியின் ஓரத்தில் துளை போட்டு இறுக்கிய போல்ட். பற்றவைத்த இடங்களில் பிசிறு கையைக் கீறாமல் அரம் போட்டுத் தேய்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை தானே தடவிப் பார்ப்பார். எங்காவது உறுத்தினால் மறுபடியும் அரம்.

பதினேழாம் எண் வீட்டில் அவருடைய அக்கா தனியாக இருந்தார். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், கைப்பிடியை இரு கையாலும் பற்றி ஒவ்வொரு படியாக ஏறுவார். "உங்க மாமா என் கையைப் பிடிச்சதைவிட இது கெட்டியாப் பிடிக்குதுடா" என்று தம்பியிடம் சொல்லிச் சிரிப்பார்.

மேதை இறந்து பன்னிரண்டு வருடம் கழித்து, அவர் வீடுகளைப் பாதுகாக்க ஒரு குழு கிளம்பியது. வீடுகளைப் பாதுகாக்கத்தான், உள்ளே இருப்பவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. குழுத் தலைவர் பருத்த மனிதர், லிஃப்ட் வைத்த கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் வாசம். எல்லா வீடுகளும் மூல வரைபடத்தில் இருந்தபடி திரும்ப வேண்டும், பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட அசிங்கங்களை வெட்டி எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வைத்தவரே வெட்டினால் படி உடையாதாம், வெல்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"எங்க அக்கா எப்படிங்க மேல போவாங்க?" என்று கேட்டார் வெல்டர்.

"நாம வருங்காலத் தலைமுறையைப் பத்தியும் யோசிக்கணும் இல்லையா?" என்றார் தலைவர்.

"அவங்களுக்கும் முட்டி தேயுமுங்க."

தலைவர் காதில் வாங்கவில்லை. வேறு வழியில்லாமல் வெல்டர் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்தார். ஒன்றாம் எண் வீடு மேதையே வாழ்ந்த வீடு. அங்கிருந்த கைப்பிடி அவர் மனைவி வைத்தது என்றுதான் குழு நினைத்துக்கொண்டிருந்தது. இல்லை, எழுபத்தொன்பதாவது வயதில் இரண்டு முறை உருண்டு விழுந்தபின், மேதையே பின்வாசல் வழியாக வெல்டரைக் கூப்பிட்டு, "வெளிய யாருக்கும் சொல்லிடாதேப்பா" என்று கெஞ்சி வைக்கச் சொன்னது. உயரத்தைக் குறித்து அவர் கைப்பட வரைந்து கொடுத்த துண்டுச் சீட்டு பட்டறை மேஜையில் பத்திரமாக இருந்தது. அதைக் காட்டினால் அக்காவின் கைப்பிடி பிழைத்துவிடும் என்று பாவம், வெல்டர் நம்பினார்.

சீட்டைப் பார்த்ததும் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேதையின் கையெழுத்து! குழு இரண்டு நாள் கூடிப் பேசி முடிவைச் சொன்னது: ஒன்றாம் வீட்டுக் கைப்பிடி மேதையின் இறுதிப் படைப்பு, அதைக் காட்சிக்கு வைக்க வேண்டும். மற்ற நாற்பத்தொன்றும் அதைப் பார்த்துச் செய்த போலிகள், வெட்ட வேண்டும். அந்த நாற்பத்தொன்றும் இதற்கு முந்தியே வைத்தவை என்று வெல்டர் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தார். அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள்.

முடியாது என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை. ஆனால் வெளியாட்கள் வந்து சம்மட்டியால் அடித்தால் படியே பெயர்ந்துவிடும், அப்புறம் அக்காவுக்கு ஏற ஒன்றுமே இருக்காது. அதனால் ஒப்புக்கொண்டார். ஒன்றாம் வீட்டுத் திறப்பு விழாவுக்கு மறுநாள் வெட்டு என்று நாள் குறித்தார்கள்.

விழாவுக்கு அக்காவும் வந்தார். கைப்பிடியில் "தொடாதீர்கள்" என்று ஒரு பித்தளைப் பலகை தொங்கியது. யாரும் தடுப்பதற்குள் அதே கைப்பிடியைப் பிடித்து ஏறி, உச்சிப் படியில் அக்கா உட்கார்ந்துவிட்டார். காவலாளி கீழிருந்து கத்தினார். விருந்தினர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பலகையைப் படிக்காம பிடிச்சுட்டேன், தப்புதான்" என்றார் அக்கா. "இறங்கும்போது அந்தத் தப்பைப் பண்ண மாட்டேன். பிடிக்காம எப்படி இறங்குறதுன்னு ஐயாவே வந்து காட்டட்டும்."

கேமராக்காரர்கள் திரும்பிவிட்டதால் தலைவரால் நழுவ முடியவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தார். திரும்பிக் கீழே பார்த்தார். படிகளுக்கு இடையே தரை எங்கோ ஆழத்தில் தெரிந்தது. ஒரு படி இறங்கினார். இரண்டாவது படியில் சுவரைத் தடவிப் பார்த்தார், பிடிக்க ஒன்றும் இல்லை. மூன்றாவது படியில் அவர் இரண்டு கையும் தானாகப் பாய்ந்து கைப்பிடியைக் கவ்வின. பித்தளைப் பலகை கணீரென்று குழாயில் மோதியது. அப்படியே பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக, அக்கா தினமும் இறங்குகிற மாதிரியே இறங்கினார். ஒருவரும் கைதட்டவில்லை.

கீழே வெல்டர் நின்றிருந்தார்.

"ஐயா, நாளைக்குக் காலையில எந்த வீட்டுல இருந்து வெட்ட ஆரம்பிக்கட்டும்?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

தலைவர் குனிந்து பார்த்தார். கால் தரைக்கு வந்துவிட்டது, கை மட்டும் இன்னும் குழாயை விடவில்லை.