சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

கதவிடுக்கில் மூக்கை வைத்தால் ஜில்லென்று ஒரு புது ரப்பர் வாசனை வரும். எண்பதுகளின் கடைசியில், ஆவடியில் நான் பத்தாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடத்து ‘ஏசி ரூம்’ வாசனை அது. பள்ளி முழுவதற்கும் அந்த ஓர் அறையில்தான் ஏசி, அதுவும் மனிதர்களுக்கல்ல, உள்ளே துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு. செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போகலாம் என்பது சட்டம்; கழுவிய காலோடு நின்ற எங்களையும் யாரும் உள்ளே விட்டதில்லை என்பது வேறு விஷயம்.

கம்ப்யூட்டரை இயக்கப் பழகி வந்திருந்தவர் ஸ்டெல்லா டீச்சர் ஒருவர்தான். மற்ற வாத்தியார்களும் கற்றுக்கொண்டால்தான் பிள்ளைகளுக்கு வகுப்பு என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அவர்களோ அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. “இன்னா டீச்சர், கணக்க இந்தப் பொட்டியே போட்டுக்கும்னா நான் எதுக்கு கீறேன்?” என்று கணக்கு வாத்தியார் கோவிந்தராஜ் சார் கேட்டாரோ இல்லையோ, எல்லோருக்கும் சாக்குக் கிடைத்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்தாவதுக்கு மேல் பெண்பிள்ளையைப் படிக்கவைப்பதாக சேக்காட்டில் எங்கள் வீட்டில் உத்தேசமே இல்லை; அதற்குள் அந்தப் பெட்டியில் என் பெயரையாவது தட்டிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஸ்டெல்லா டீச்சரிடம் போய்ச் சண்டையே போட்டேன். “கோவப்படாத. உங்க முன்னாடி தெரியலன்னு நிக்க கணக்கு சாருக்குக் கூச்சம், வேற ஒண்ணுமில்ல. மொதல்ல அவரு கத்துக்கட்டும், அப்புறம் நீங்க” என்றார். அன்றிலிருந்து மாலையில் எங்களை வீட்டுக்குத் துரத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சாருக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கே சிரிக்க யாருமில்லை. கொஞ்ச நாளில், “மெஷினுக்கு மூளை கீதுப்பா!” என்று சார் வகுப்பில் பெருமையடிக்க ஆரம்பித்துவிட்டார். “விஜயதசமி நல்ல நாளு, காலைல வந்துடுங்க, மொத க்ளாஸ்” என்று அறிவித்ததும் அவர்தான்.

தலை குளித்து, இரட்டைப் பின்னல் போட்டு ஓடினேன். கதவு திறந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை. பள்ளிக்கூட மணிக்கும் சைக்கிளுக்கும் வைப்பதுபோல் ஒற்றைப் பொட்டோடு விட சாருக்கு மனசு வரவில்லை. தன் கையாலேயே சந்தனம் கரைத்து, தட்டும் பலகையில் ஓர் எழுத்து விடாமல் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் இட்டிருந்தார். அத்தனையும் இடுக்குகளில் வழிந்து இறுகிப்போயிருந்தது. ஸ்டெல்லா டீச்சர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அமுங்கியது அமுங்கியபடியே நின்றது. “மங்களமா ஆரம்பிக்கலாம்னுதான் டீச்சர்…” என்றார் சார்.

ரிப்பேருக்குப் பட்டணத்திலிருந்து ஆள் வரவேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று ஹெட்மாஸ்டர் அறையைப் பூட்டினார். ஆள் வருவதற்குள் எங்கள் பரீட்சையே முடிந்துவிட்டது. நான் அம்பத்தூரில் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன்.

இன்று அந்தப் பள்ளிக்கூடம் இல்லை; இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கோவிந்தராஜ் சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பூட்டு போட்ட ஹெட்மாஸ்டரைத் திட்டலாம், நேரத்துக்கு வராத ரிப்பேர்காரனைத் திட்டலாம், வேண்டிய மட்டும் திட்டியும் இருக்கிறேன். கூச்சத்தையெல்லாம் விட்டு, ஆசை ஆசையாகப் பொட்டு வைத்த மனுஷரை என்ன சொல்லித் திட்டுவது? அந்த வயிற்றெரிச்சல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.