பார்க்காத மூன்று வயல்கள்

சின்னசேலத்தில் பேருந்துக்கு நின்றிருந்தபோதுதான் தனலட்சுமி இறந்துபோன செய்தி வந்தது. பேருந்து வந்தும் நான் ஏறவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்களே, உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். கல்வராயன் மலைக்கு வண்டியே போகவில்லை. கரியாலூர்ப் பக்கம் சோதனைக்காகப் புது ரகச் சாமை விதைத்திருந்த மூன்று வயல்களின் அறுவடையை நான் நேரில் நின்று எடைபோட வேண்டும். அந்த எடையை நம்பித்தான் மறுவருடம் மலை முழுக்க விதை கொடுப்பார்கள். மேலதிகாரியோ அவசரப்படுத்தினார். எனக்குப் பயம். கள்ளக்குறிச்சி வேளாண் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே தேதி, எடை எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

களப்பணி உதவியாளரான தனலட்சுமி நகலெடுக்க அந்தத் தாளை வாங்கினார். தேதியில் விரலை வைத்தார்.

“இன்னா சார் இது? சாமிக்குப் புதுக்கதிர் படைக்காம அங்க யாரும் அருவா வைக்க மாட்டாங்க. படையலே இன்னும் ஆவலயே.”

யாருக்குத் தெரியப்போகிறது என்று அதட்டினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“வெதைக்கிறவங்களுக்குத் தெரியும் சார். ஒருதபா ஏமாந்தா, அப்புறம் நாம நெசத்தச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க.”

வேறு தாள் எடுத்தார். மூன்று வயல்களுக்கும் நேராக ‘பார்க்கவில்லை’ என்று எழுதித் தானே கையெழுத்துப் போட்டார். என் தாளை மடித்து என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

களத்துக்கு ஏன் போகவில்லை என்று விளக்கம் கேட்டு அவருக்கு ஓலை வந்தது. போக வேண்டியவன் நான் என்று அவர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. மலையேறப் பயந்த சோம்பேறி என்று நீங்கள் கேலி செய்தபோது, வெட்கங்கெட்டவன், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

வழி திறந்ததும் அவர்தான் முதலில் மலையேறினார். படையல் முடிந்து அறுத்தபோது மூன்று வயலிலும் பாதிக்கு மேல் பதர். நான் எழுதியிருந்ததோ அமோக விளைச்சல். அந்த விதை மலைக்குப் போகவில்லை. அதன்பிறகு நான் எதைச் சொன்னாலும் கரியாலூர்க்காரர்கள் ஒன்றைத்தான் கேட்டார்கள்: “அந்தம்மா பாத்துச்சா?”

அவர் மடித்து வைத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாளை அவர் படத்துக்கு மாலை போட வருகிறவர்கள் அதையும் பாருங்கள். அது என் கையெழுத்து.