பகலிலேயே ஊதிய முடிப்புச் சங்கு

நேற்று வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மருமகள் அதன் திருகைக் கம்பளித் துணிக்கான பக்கம் திருப்பினாள். மெஷின் கண்டுகொள்ளவேயில்லை. "மாமா, கெட்டுப்போச்சுங்களா?" என்றாள். நிறுத்திவிட்டுப் போடம்மா, அப்போதுதான் திருகைப் பார்க்கும் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, மூக்கில் தேயிலை வாடும் வாசனை அடித்தது. வயசாகிவிட்டது, வேறென்ன.

எண்பதுகளின் தொடக்கம். கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் நான் எலக்ட்ரீசியன். அங்கே சூரியன் உதிப்பதெல்லாம் சும்மா. ஃபேக்டரிச் சங்கு ஊதினால்தான் விடிந்ததாக அர்த்தம். ஊதுகிற வாட்ச்மேனை நம்பாமல், பெரிய துரை (மேனேஜரை அப்படித்தான் சொல்வோம்) மைக்ரோகன்ட்ரோலர் சிப் வைத்து, தானாகவே சங்கை ஊதவைக்கும் பெட்டி ஒன்று வாங்கிவந்தார். உள்ளே அரிசிமணி போலச் சுவிட்சுகள். முதல் சுவிட்சு கீழே இருந்தால் சங்கு நேரப்படி ஊதும். மேலே தள்ளினால் சோதனை முறை. ஒரு மணி நேரத்தை ஒரு நிமிஷமாக ஓட்டி, அன்றைய சங்கு அத்தனையையும் ஊதிக்காட்டும்.

ஒரு நாள் காலை துரை அதை மேலே தள்ளிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் வந்து சிப் கண்விழிக்கும் கணத்தில் மட்டும்தான் அது சுவிட்சைப் பார்க்கும். பிறகு நீங்கள் தலைகீழாக நின்றாலும் திரும்பாது. துரை, இது வெத்துச் சுவிட்சு என்று தீர்ப்புச் சொல்லி, அதை மேலேயே விட்டுப் பெட்டியை மூடிவிட்டுப் போனார்.

அதே காலையில்தான் தெய்வானை என்னிடம் வந்து அழுதாள். சிலோனிலிருந்து வந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தவள், கொழுந்து பறிப்பவள். அவள் அக்காள் குடும்பம் இப்போதுதான் கப்பலில் வந்து, மண்டபம் முகாமிலிருந்து கர்நாடக ரப்பர் தோட்டத்துக்குப் போகிறதாம். இரவு ஈரோட்டில் ரயில் நிற்குமாம். மத்தியான பஸ்ஸைப் பிடித்தால்தான் பார்க்கலாம். "இத விட்டா இனி எங்கண்ணே பாக்க?" என்றாள். சூப்பர்வைசர் லீவு தரவில்லை. முடிப்புச் சங்கு ஊதாமல் ஒருத்தரும் தேயிலைக் காட்டைவிட்டு இறங்கக்கூடாது என்றுவிட்டார்.

மத்தியானத்துக்குச் சற்று முன் கரண்ட் போய், வந்தது. அவ்வளவுதான். தொடக்கச் சங்கு, டீ சங்கு, சாப்பாட்டுச் சங்கு, முடிப்புச் சங்கு, எல்லாம் சடசடவென்று. பெண்கள் கூடையோடு எடைபோட இறங்கிவிட்டார்கள். சூப்பர்வைசர் மேலே விரட்டினார். அவர்கள் ஏறுவதற்குள் அடுத்த நாளும் முடிந்துவிட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா மட்டும் சளைக்காமல் இரண்டாம் தடவையும் சோறு ஊட்டினாள்.

தெய்வானை மேலே ஏறவேயில்லை. "சங்கு ஊதிருச்சுங்க" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ரோட்டுக்கு நடந்தாள்.

துரை ஓடிவந்து சுவிட்சைக் கீழே தள்ளினார். பெட்டி மதிக்கவில்லை. எல்லாச் சுவிட்சையும் ஆட்டினார். "கரண்ட்ட நிறுத்திப் போடோணுங்க" என்றேன். மெயினைத் தொட்டால் வேலை போய்விடும் என்று கத்தினார். அவர் சொன்ன எதையும் அதுவரை நான் அவ்வளவு பணிவாகக் கேட்டதில்லை. மேட்டுப்பாளையம் பஸ் கீழ்வளைவில் திரும்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஃபோன் பண்ணப் போனதும் மெயினை நிறுத்திப் போட்டேன்.

திரும்பி வந்த தெய்வானை, "ஜன்னல் வழியா கையத்தான் புடிக்க முடிஞ்சுச்சுண்ணே. பேச நெனச்சதெல்லாம் மறந்துபோச்சு" என்றாள். அக்காளும் தங்கையும் பார்த்துக்கொண்டது அதுதான் கடைசி.

ஃபேக்டரி இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி. சங்கு எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. தெய்வானையும் இல்லை. என் மகன் சாப்பிடும்போதும் ஆபீஸ் ஃபோனில் பேசுகிறான். வேலை முடிந்தது, பார்க்க வேண்டியவர்களைப் போய்ப் பாருங்கள் என்று ஊதிச் சொல்ல இப்போது ஒன்றும் இல்லை, தப்பாக ஊதக்கூட.